அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட நிலைகளுள் எவற்றுக்குச் சிக்கல் குறியீடு இட வேண்டும்?

வளர்பிறை (வினா):

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க மருத்துவமனைகளின் உள்நோயாளி சார்ட்டுகளைக் கோடிங் செய்யும் (நோய்களுக்கும் சிகிச்சைகளுக்கும் பில்லுக்கான குறியீடு இடும்) குழுவில் பணிபுரிகிறேன். மெடிகேர் என்ற அமெரிக்க அரசுக் காப்பீட்டில் உள்ள நோயாளி ஒருவரின் சார்ட்டைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்துள்ளதால், அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். நோயாளியை அடையாளம் காண முடியாதவாறு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மீண்டும் மீண்டும் வந்த டைவர்டிகுலைட்டிஸுக்காக (பெருங்குடல் சுவரின் சிறு பைகளில் வரும் அழற்சி) இவருக்கு வயிற்றைத் திறந்து சிக்மாய்டு பெருங்குடல் பகுதி அகற்றப்பட்டு, குடல் முனைகள் இணைக்கப்பட்டன. முன்பு நடந்த வேறோர் அறுவை சிகிச்சையின் காரணமாக வயிற்றுக்குள் ஒட்டுத்திசுக்கள் மிகவும் இறுகியிருந்தன. அவற்றைப் பிரிக்கும்போது சிறுகுடலின் வெளியுறையில் இரண்டு கிழிசல்களும், ஓரிடத்தில் குடலின் உட்குழல் வரை செல்லும் ஒரு துளையும் ஏற்பட்டதாகவும், மூன்றும் உடனே தைக்கப்பட்டதாகவும் ஆபரேட்டிவ் நோட் கூறுகிறது. இரண்டாம் நாள் ஹீமோகுளோபின் 12.6-இலிருந்து 7.4-க்கு இறங்கியதால் இரத்தம் ஏற்றப்பட்டது. குறிப்பில் ‘போஸ்ட்-ஆப் அனீமியா’ (அறுவைக்குப் பிந்தைய இரத்தசோகை) என்று மட்டுமே உள்ளது. நான்காம் நாள் ‘போஸ்ட்-ஆப் இலியஸ்’ (குடலியக்கம் நின்றுபோதல்) என்று எழுதி, மூக்குவழிக் குழாய் வைத்திருக்கிறார்கள். ஏழாம் நாள் காய்ச்சல் வர, சிடி ஸ்கேனில் வயிற்றறைக்குள் சீழ்க்கட்டி தெரிந்தது. இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி மருத்துவர் அதில் குழாய் வைத்துச் சீழை வடித்தார். ஈ. கோலை கிருமி வளர்ந்தது. ‘அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சீழ்க்கட்டியால் ஈ. கோலை செப்சிஸ்’ (தொற்றால் உடல் முழுதும் ஏற்படும் கடும் பாதிப்பு) என்பது மருத்துவரின் வாசகம். பதினோராம் நாள் வயிற்றுச் சுவரின் ஃபேசியா (தசையை மூடும் உறுதியான திசுப்படலம்) தையல் பிரிந்ததால், முதலில் அறுவை செய்த மருத்துவரே நோயாளியை மீண்டும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு சென்று தைத்தார்.

‘போஸ்ட்-ஆப்’ என்ற சொல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சிக்கல் (காம்ப்ளிகேஷன்) குறியீடு இட வேண்டும் என்பது எங்கள் குழுத் தலைவரின் நிலைப்பாடு. மருத்துவர் ‘காம்ப்ளிகேஷன்’ என்று எழுதாத எதற்கும் அந்தக் குறியீடு கூடாது என்கிறார் தணிக்கையாளர். இரண்டில் எது சரி? அறுவை மருத்துவரின் பில்லையும் நாங்களே பார்க்கிறோம் என்பதால், சிபிடி குறியீடுகளையும் (மருத்துவரின் பணிகளுக்கான குறியீடுகள்) மாடிஃபையர்களையும் (அவற்றுடன் சேரும் ஈரெண் பின்னொட்டுகள்) எப்படி அமைப்பது என்றும் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

செங்காந்தள்:

வணக்கம் வளர்பிறை. இரண்டு நிலைப்பாடுகளும் விதிக்கு ஒத்து வரவில்லை. நோயறிதல் குறியீடுகளான ஐசிடி-10-சிஎம் தொகுப்பின் அதிகாரபூர்வ வழிகாட்டு நெறிகளின் முதற்பகுதியில், பொது விதிகளின் கீழ் 16ஆம் பத்தி இதற்காகவே எழுதப்பட்டது. நோய்நிலைக்கும் அளிக்கப்பட்ட சிகிச்சைக்கும் இடையே காரண-விளைவுத் தொடர்பு இருப்பதை மருத்துவரின் ஆவணம் காட்ட வேண்டும். அந்த நிலை மருத்துவ நோக்கில் பொருட்படுத்தத்தக்கது என்பதையும் ஆவணம் தாங்கி நிற்க வேண்டும். ஒரு செயல்முறையின்போதோ அதற்குப் பின்னரோ நிகழும் எல்லாமே சிக்கல் ஆகிவிடாது என்று அதே பத்தி சொல்வதால் உங்கள் குழுத் தலைவரின் விதி அடிபடுகிறது. ‘காம்ப்ளிகேஷன்’ என்ற சொல் வெளிப்படையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று அது தொடர்ந்து சொல்வதால் தணிக்கையாளரின் விதியும் நிற்பதில்லை. தொடர்பு தெளிவாக இல்லையென்றால் மருத்துவருக்குக் கொயரி (விளக்கம் கேட்கும் எழுத்துவழி வினா) அனுப்ப வேண்டும். கோடர் தாமாக முடிவு கட்டுவதற்கு அங்கே இடமில்லை.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தேவையில்லாமல் இடப்படும் சிக்கல் குறியீடு ஒரு அறுவை மருத்துவரின் தர அளவீட்டில் பதிவாகிறது. இட வேண்டிய குறியீட்டை விட்டுவிட்டால், நோயாளிக்கு உண்மையில் நேர்ந்தது பதிவிலிருந்தே மறைந்துபோகிறது. இரண்டுமே அநீதிதான்.

உங்கள் சார்ட்டில் இரத்தசோகையை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதிகம் குழப்புவது அதுதான். அகரவரிசைக் குறிப்பேட்டில் ‘அனீமியா, போஸ்ட்ஆபரேட்டிவ்’ என்ற பதிவின் கீழ், கடும் குருதியிழப்பால் என்று இருந்தால் இரத்த நோய்களுக்கான அத்தியாயத்தின் டி62 (D62)-க்குச் செல்லச் சொல்கிறது. காரணம் குறிப்பிடப்படாத நிலையில் அதே அத்தியாயத்தின் டி64.9 தான் கிடைக்கும். இரத்தம் ஏற்றப்பட்டதைக் கண்டு கோடர் தாமாக டி62-க்குத் தாவுவது தவறு. அதே வேளையில், டி62 என்பது அறுவை சிகிச்சையின் சிக்கலைக் குறிக்கும் குறியீடு அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். எதிர்பார்த்த அளவில் குருதி இழந்து சோகை வந்தாலும், மருத்துவர் அதைக் கடும் குருதியிழப்புச் சோகை என்று எழுதிக் கண்காணித்துச் சிகிச்சை அளித்திருந்தால் டி62 பொருந்தும். ‘இது சிக்கல்தானா’ என்ற கேள்வியே அங்கு எழ வேண்டியதில்லை.

இலியஸ் வேறு வகை. ‘இலியஸ், போஸ்ட்ஆபரேட்டிவ்’ என்ற குறிப்பேட்டுப் பதிவு நேராக கே91.89-க்கு அழைத்துச் செல்கிறது. நிலையைத் தெளிவுபடுத்த அதனுடன் கே56.7-ஐயும் சேர்க்கிறோம். ஆனால் பெரிய குடல் அறுவைக்குப் பின் சில நாள்கள் குடலியக்கம் மந்தமாக இருப்பது எவருக்கும் இயல்பு. ஆகவே ‘பொருட்படுத்தத்தக்கதா’ என்ற சோதனையே இங்கு எடையுள்ளது. மூக்குவழிக் குழாய் வைத்து, உணவை நிறுத்தி, தங்கும் நாள்கள் நீண்டிருந்தால் அது வெறும் எதிர்பார்த்த மந்தம் அல்ல என்று வாதிடலாம். எனினும் உங்கள் நோயாளிக்கு அடுத்த சில நாள்களில் சீழ்க்கட்டியும் தெரிந்திருப்பதால், இலியஸின் காரணம் அறுவையா, கட்டியா என்பது ஆவணத்திலிருந்து விளங்கவில்லை. நான் கொயரி அனுப்பியிருப்பேன்.

குடல் கிழிசல்களுக்கும் கொயரி தேவை. சீரண மண்டல அறுவையின்போது சீரண உறுப்பில் தற்செயலாக ஏற்படும் துளை அல்லது கிழிசலுக்கு கே91.71 உண்டு, வேறு மண்டலத்தின் அறுவையின்போது நேர்ந்தால் கே91.72. வெளியுறைக் கிழிசலையும் உட்குழல் வரை சென்ற துளையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இறுகிய ஒட்டுத்திசுவைப் பிரிக்கும்போது வெளியுறை உரிவது செயல்முறையின் இயல்பான பகுதி என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். முழுத்தடிமனில் ஏற்பட்ட துளையை அப்படி எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கொயரியில் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். மருத்துவரை ஒரு விடையை நோக்கித் தள்ளும் வாசகமோ, பணம் அல்லது தர மதிப்பெண் பற்றிய குறிப்போ அதில் இருக்கக்கூடாது. சார்ட்டிலுள்ள மருத்துவத் தகவல்களைக் காட்டி, ‘வேறு’, ‘தீர்மானிக்க இயலவில்லை’ ஆகிய தெரிவுகளையும் வைக்க வேண்டும். கோடிங், மருத்துவ ஆவணத் துறையின் அமெரிக்கச் சங்கங்களான அஹிமாவும் ஏக்டிஸும் 2022-இல் புதுப்பித்த கொயரி நடைமுறை வழிகாட்டியும் இதையே வற்புறுத்துகிறது.

நெய்தல்:

செங்காந்தள் தொடாத செப்சிஸையும் தையல் பிரிவையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சீழ்க்கட்டிக்கு ‘அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய’ என்றும், செப்சிஸுக்கு ‘அதனால்’ என்றும் மருத்துவர் தொடர்பைச் சொல்லியிருப்பதால் இங்கு ஐயமில்லை. 2018 அக்டோபர் 1 முதல், காயங்களுக்கான 19ஆம் அத்தியாயத்தில் உள்ள டி81.4 (T81.4) ஆழத்தின் அடிப்படையில் பிரிக்கப்பட்டது. தோலும் தோலடியும் மட்டும் என்றால் டி81.41, தசையும் ஃபேசியாவும் என்றால் டி81.42, உறுப்பு அல்லது உள்ளறை என்றால் டி81.43, செப்சிஸுக்கு டி81.44. வயிற்றறைச் சீழ்க்கட்டி டி81.43-இல் அடங்கும். வரிசை முறையில் தொற்றின் இடத்தைக் காட்டும் குறியீடு முதலில், அடுத்து டி81.44, அதன்பின் ஈ. கோலை செப்சிஸுக்கான ஏ41.51 என்று அமைய வேண்டும். கட்டியின் தன்மையைத் தெரிவிக்க கே65.1 கூடுதலாக வரும். ஏ41.51-ஐ முன்னால் வைத்துவிட்டு டி81-ஐப் பின்னால் சேர்ப்பதை நான் பல சார்ட்டுகளில் பார்த்திருக்கிறேன். செயல்முறைக்குப் பிந்தைய தொற்றால் வந்த செப்சிஸில் அந்த வரிசை செல்லாது.

செப்சிஸால் சிறுநீரகம் செயலிழந்தது போன்ற உறுப்புப் பாதிப்பை மருத்துவர் தொடர்புபடுத்தி எழுதியிருந்தால் ஆர்65.20-உம் அந்த உறுப்பின் குறியீடும் சேரும். அதிர்ச்சி நிலை ஏற்பட்டிருந்தால் ஆர்65.21 இடக்கூடாது, செயல்முறைக்குப் பிந்தைய செப்டிக் ஷாக்கிற்கு டி81.12 இருக்கிறது.

இவ்வளவு குறியீடுகள் இருந்தாலும் முதன்மை நோயறிதல் கே57.32 தான். நோயாளி அனுமதிக்கப்பட்டது டைவர்டிகுலைட்டிஸுக்காக. தொற்று பிறகு வந்தது. அவர் வீட்டுக்குப் போய்விட்டு இந்தச் சீழ்க்கட்டிக்காகத் திரும்ப அனுமதிக்கப்பட்டிருந்தால் கதை மாறி, டி81.43 முதன்மை இடத்துக்கு வந்திருக்கும்.

ஃபேசியா பிரிந்ததற்கு, டிஸ்சார்ஜ் தேதியைப் பார்த்துவிட்டுக் குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள். முன்பு உள்தையல் பிரிவு எல்லாவற்றுக்கும் டி81.32 ஒன்றுதான் இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் அது பிரிக்கப்பட்டு, வயிற்றுச் சுவரின் தசை அல்லது ஃபேசியா தையல் பிரிவுக்கு டி81.321 வந்துள்ளது. பழைய புத்தகத்தை வைத்திருப்பவர்கள் இதில் தவறுகிறார்கள்.

டி81 குறியீடுகளின் ஏழாம் எழுத்தைப் பற்றி ஒரு சொல். முதல் அறுவை முடிந்துவிட்டதே என்று எண்ணிச் சிலர் தொடர்கவனிப்பைக் குறிக்கும் ‘டி’ (D) எழுத்தை இடுகிறார்கள். சிக்கலுக்கான குறியீட்டில் நாம் பார்க்க வேண்டியது அந்தச் சிக்கலுக்குத் தீவிர சிகிச்சை நடக்கிறதா என்பதைத்தான். மூல நோய்க்கான சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது பொருட்டல்ல. இங்கே சீழை வடிக்கிறார்கள், தையலைச் சரிசெய்கிறார்கள். எனவே ‘ஏ’ தான். கே91 குறியீடுகளுக்கு ஏழாம் எழுத்தே கிடையாது.

புறக்காரணக் குறியீடுகளில் மிகுந்த கவனம் வேண்டும். எந்தத் தவறும் நேராமல் அறுவைக்குப் பின் எழும் பாதிப்புகளுக்கு ஒய்83 வரிசை. அறுவையின்போதே நேர்ந்த பிசகுகளுக்கு ஒய்62 முதல் ஒய்69 வரை. கே91.71 தன்னுள்ளேயே பாதிப்பின் இயல்பையும் செயல்முறையின் வகையையும் தாங்கியிருப்பதால், அதற்குச் செயல்முறை வகையைக் காட்டும் புறக்காரணக் குறியீடு தேவையில்லை என்பதே வழிகாட்டு நெறி. அப்படியிருக்க, கோடர் தாமாகப் பிசகு வரிசையிலிருந்து ஒரு குறியீட்டைச் சேர்ப்பது மருத்துவர் சொல்லாத ஒரு குற்றச்சாட்டைச் சொல்வதற்கு ஒப்பாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

குறிஞ்சிமலர்:

நான் அறுவை மருத்துவர்களின் பில் பக்கத்தில் இருப்பவள். சிபிடி பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் அறுவை 44140 என்று எடுத்துக்கொள்வோம். ஒட்டுத்திசுவைப் பிரித்ததற்கு 44005-ஐத் தனியாகப் பில் செய்ய முடியாது. அது பெருங்குடல் அறுவையுடன் கட்டப்பட்டது. பிரிப்பதற்கு வழக்கத்தைவிட மிகுதியான நேரமும் உழைப்பும் பிடித்ததென்று ஆபரேட்டிவ் நோட் விளக்கமாகச் சொன்னால் மாடிஃபையர் 22-ஐப் பரிசீலிக்கலாம். ‘ஒட்டுத்திசுக்கள் அடர்த்தி’ என்ற இரண்டு சொல் போதாது. குடல் துளையைத் தைத்ததற்கும் தனிக் குறியீடு இல்லை. அறுவையின்போது தம் கையால் ஏற்பட்ட பாதிப்பை அதே மருத்துவர் அதே அமர்வில் சரிசெய்தால் அது தனியாகப் பில் செய்யத்தக்கதன்று என்பது மெடிகேரின் என்சிசிஐ (எவற்றைச் சேர்த்துப் பில் செய்யக்கூடாது என்னும்) கொள்கை. உதவிக்கு அழைக்கப்பட்ட வேறொரு அறுவை மருத்துவர் வந்து தைத்திருந்தால் அவர் தம் பணிக்குப் பில் செய்யலாம்.

இது சிபிடி பக்கத்துக்கு மட்டும் உரியது. மருத்துவமனையின் உள்நோயாளி பில் ஐசிடி-10-பிசிஎஸ் என்ற வேறொரு செயல்முறைக் குறியீட்டுத் தொகுப்பின் விதிகளின்படி போவதால், ஒட்டுத்திசுப் பிரிப்பு மருத்துவ நோக்கில் முக்கியமானதாக ஆவணப்பட்டிருந்தால் அங்கே ‘ரிலீஸ்’ என்ற மூலச் செயலாகத் தனியே குறியிடப்படும். ஒரு பக்கத்தின் விதியை மறுபக்கத்துக்குக் கொண்டு செல்லாதீர்கள்.

சீழ் வடித்தல் 49406. அதைச் செய்தவர் வேறு துறையைச் சேர்ந்த மருத்துவர் என்பதால் அறுவை மருத்துவரின் குளோபல் காலம் (அறுவைக்கான ஒரே கட்டணத்தில் பின்கவனிப்பும் அடங்கும் 90 நாள்) அவரைக் கட்டுப்படுத்தாது. மாடிஃபையர் 78 அவருக்குத் தேவையில்லை.

தையல் பிரிவுக்கு 49900, மாடிஃபையர் 78 உடன். அதே மருத்துவர், முன்திட்டமின்றி, தொடர்புடைய காரணத்துக்காக, குளோபல் காலத்துக்குள் ஆபரேஷன் தியேட்டருக்குத் திரும்பியிருக்கிறார், நான்கும் பொருந்துகின்றன. இதற்கு அறுவை நேரத்துக்குரிய பங்கு மட்டுமே கிடைக்கும். புதிய 90 நாள் தொடங்காது, பழைய கணக்கே தொடரும். முன்கூட்டியே திட்டமிட்ட இரண்டாம் கட்டமாக இருந்தால் 58, தொடர்பே இல்லாத அறுவையாக இருந்தால் 79; அவ்விரண்டிலும் புதிய குளோபல் காலம் தொடங்கும். இந்த மூன்றையும் மாற்றிப் போடுவதால் வரும் மறுப்புகள் ஏராளம். 49900-உடன் இணைக்கும் நோயறிதல் தையல் பிரிவுக்கானதாக இருக்க வேண்டும், பழக்கத்தில் கே57.32-ஐ இணைத்தால், ஏன் திரும்பப் போனார் என்பதே பில்லில் தெரியாது.

இலியஸுக்காகவும் காய்ச்சலுக்காகவும் அறுவை மருத்துவர் நாள்தோறும் பார்த்தது மெடிகேரில் குளோபல் தொகுப்புக்குள் அடங்கிவிடும். ஆபரேஷன் தியேட்டருக்குத் திரும்பத் தேவையில்லாத சிக்கல்களின் கவனிப்பை மெடிகேர் தனியாகக் கணக்கிடுவதில்லை. சிபிடி புத்தகத்தின் வரையறை இதைவிடத் தாராளமானது. வழக்கமான பின்கவனிப்பு மட்டுமே தொகுப்பில் சேரும் என்கிறது. ஆகவே தனியார் காப்பீடு என்றால் அந்நிறுவனத்தின் கொள்கையைப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

வளர்பிறை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கொயரிக்கு மருத்துவர் பதிலளித்துவிட்டார். வெளியுறைக் கிழிசல்கள் ஒட்டுத்திசுவைப் பிரிப்பதில் இயல்பாக நேர்ந்தவை, மருத்துவ முக்கியத்துவம் இல்லாதவை என்று எழுதியிருக்கிறார். துளையைப் பற்றி, ‘ஒட்டுத்திசுவின் காரணமாகத் தவிர்க்க இயலாத, தற்செயலான குடல் துளை, இரண்டடுக்காகத் தைக்கப்பட்டது, இதனால் வாய்வழி உணவு தாமதிக்கப்பட்டது’ என்கிறார். சோகை கடும் குருதியிழப்பால் வந்தது, எதிர்பார்த்த அளவே. இலியஸ் வயிற்றறைச் சீழ்க்கட்டியின் விளைவு என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். ‘தவிர்க்க இயலாத’ என்று எழுதியிருப்பதால் துளைக்கும் கே91.71 வேண்டாம் என்று குழுத் தலைவர் இப்போது கருதுகிறார்.

செங்காந்தள்:

அதை நான் ஏற்க மாட்டேன். தவிர்க்க முடிந்ததா என்பது பழியைப் பற்றிய கேள்வி. குறியீடு கேட்பது அதையன்று. அறுவையின் போக்கில் தற்செயலாக ஒரு துளை ஏற்பட்டது, அதைத் தைக்க வேண்டியிருந்தது, நோயாளியின் பராமரிப்பும் அதனால் மாறியது என்று மருத்துவரே எழுதிவிட்டார். செயல்முறையின் இயல்பான பகுதி என்று அவர் வெளியுறைக் கிழிசல்களைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார். துளையைப் பற்றிச் சொல்லவில்லை. துளைக்கு கே91.71 இடுங்கள், வெளியுறைக் கிழிசல்களுக்கு எதுவும் வேண்டாம். குழுத் தலைவருக்கு இன்னும் ஐயமிருந்தால், அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் மறுவிளக்கம் கேட்கலாமே தவிர, மருத்துவரின் சொல்லுக்கு நாமே பொருள் கற்பித்துக் குறியீட்டை நீக்கக்கூடாது.

சோகைக்கு டி62. இலியஸின் காரணம் சீழ்க்கட்டி என்று ஆகிவிட்டதால் கே91.89-ஐ விட்டுவிட்டு கே56.7 மட்டும் இடுங்கள். கட்டிக்கான குறியீடுகள் ஏற்கெனவே அங்கு இருக்கின்றன. குறிப்பேடு ‘போஸ்ட்ஆபரேட்டிவ்’ என்ற சொல்லைப் பிடித்து கே91.89-க்கு அனுப்பினாலும், காரணத்தை மருத்துவர் வேறிடத்தில் வைத்த பிறகு அந்த வழியில் செல்லத் தேவையில்லை.

நெய்தல்:

செங்காந்தள் சொன்னதுடன் முழுமையாக உடன்படுகிறேன். பிஓஏ குறியீட்டையும் (அனுமதியின்போதே அந்நிலை இருந்ததா என்பதைக் காட்டும் எழுத்து; ‘ஒய்’ ஆம், ‘என்’ இல்லை) சரிபாருங்கள். துளை, சோகை, இலியஸ், சீழ்க்கட்டி, செப்சிஸ், தையல் பிரிவு ஆகிய அனைத்தும் அனுமதி ஆணைக்குப் பின் நேர்ந்தவை என்பதால் ‘என்’. முதன்மை நோயறிதலான கே57.32-க்கும் ஒட்டுத்திசுவுக்கான கே66.0-க்கும் ‘ஒய்’. அவை நோயாளி வரும்போதே இருந்தன. ஒருவேளை அறுவை புறநோயாளியாக நடந்து, அதன் பிறகே உள்நோயாளியாக அனுமதிக்க ஆணை எழுதப்பட்டிருந்தால், ஆணைக்கு முன் நடந்த அறுவையில் ஏற்பட்ட துளைக்கு ‘ஒய்’ வரும். ஆகவே ஆணை எழுதப்பட்ட நேரத்தைச் சார்ட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மருத்துவத் தரத்தை ஆராயும் அமெரிக்க அரசு முகமையான ஏஎச்ஆர்கியூவின் 15ஆம் நோயாளிப் பாதுகாப்புக் குறியளவு வயிற்று, இடுப்பறைத் துளைகளை அளக்கும்போது இந்த ஒற்றை எழுத்தையும் பார்க்கிறது.